வரி உண்டு, வாக்கு இல்லை!



சென்ற கிழமை, பொதுக்கூட்டம் இல்லாத ஒரு மாலை. படிப்பகத்துத் திண்ணையில் உட்கார்ந்து ஏடுகளைப் புரட்டிக்கொண்டிருந்தேன். பஸ் பட்டறையில் முப்பதாண்டுக் காலம் ஸ்பானர் பிடித்துக் கை காய்த்து, ஓய்வு பெற்ற நம் தோழர் ஒருவர் வந்தார். சட்டைப் பையிலிருந்து நான்காக மடித்த காகிதம் ஒன்றை எடுத்து நீட்டினார்.

“பையன் அனுப்பியது. அமெரிக்காவிலே வாங்கும் சம்பளத்துக்குச் சீட்டாம். என்னென்னவோ பிடித்திருக்கிறார்கள். பார்த்துச் சொல்லுங்கள்” என்றார்.

பார்த்தேன். மத்திய சர்க்காருக்கு வருமான வரி. அதன் கீழே மாநில சர்க்காருக்கு வருமான வரி. அதற்கும் கீழே இரண்டு பிடித்தம். நூற்றுக்கு 6.2 ஒன்று, நூற்றுக்கு 1.45 மற்றொன்று. முன்னது முதியோர் ஓய்வூதியத்துக்கு, பின்னது முதியோர் மருத்துவத்துக்கு என்று விளக்கினேன். முதலாளியும் தன் பங்காக இதே அளவு கட்ட வேண்டும் என்றும் சொன்னேன்.

“ஓய்வூதியத்துக்கா? அப்படியானால் என் பிள்ளைக்கு வயதான காலத்தில் அமெரிக்க சர்க்கார் பென்ஷன் கொடுக்குமா?”

அவர் கண்ணிலே ஒளி. என் நாவிலே தடை.

அவருக்கு நான் சொன்ன விடையைப் பிறகு சொல்கிறேன். அந்த விடை விளங்க வேண்டுமானால், டாலர் நாட்டு வரிச் சட்டம் ஊர்விட்டு ஊர் வந்தவனை எப்படிப் பிடிக்கிறது, ஊர்விட்டு ஊர் போனவனை எப்படித் துரத்துகிறது என்ற கதையை முதலில் கேட்க வேண்டும். வேடிக்கையான கதைதான். வேதனையும் அதற்குள்ளே இருக்கிறது.

பள்ளிக்கூடத்தில் படித்திருக்கிறோம். 1773ஆம் ஆண்டு டிசம்பர் 16ஆம் நாள் இரவு, பாஸ்டன் துறைமுகத்தில் நின்ற கப்பல்களில் ஏறி, 342 பெட்டித் தேயிலையைக் கடலிலே கவிழ்த்தார்கள் குடியேற்ற நாட்டு மக்கள். ஏன்? தேயிலை கசந்ததா? இல்லை! தேயிலையோடு வந்த வரி கசந்தது. “எங்கள் ஆள் ஒருவன்கூட உட்காராத பிரிட்டிஷ் பார்லிமெண்டு எங்கள்மீது வரி போடுவதா?” என்று கேட்டார்கள். பிரதிநிதித்துவம் இல்லையேல் வரி இல்லை என்ற அந்த ஒரு முழக்கத்தின் முதுகில் ஏறித்தான் அமெரிக்கா என்ற நாடே பிறந்தது. எங்கள் வாத்தியார் இதைச் சொல்லும்போது மேசையைத் தட்டுவார், மைக்கூடு குதிக்கும்!

அந்த முழக்கம் இன்று எங்கே இருக்கிறது தெரியுமா? வாஷிங்டன் நகரத்து மோட்டார் வண்டிகளின் நம்பர் பலகையிலே இருக்கிறது. ஆம்! தலைநகரிலே வாழும் மக்கள் வரி கட்டுகிறார்கள். ஆனால் சட்டமன்றமாம் காங்கிரசிலே ஓட்டுப் போடும் உறுப்பினர் அவர்களுக்கு ஒருவரும் இல்லை. அந்த வயிற்றெரிச்சலை 2000ஆம் ஆண்டிலிருந்து வண்டிப் பலகையில் அச்சடித்து ஊர் முழுதும் ஓட்டிக்கொண்டிருக்கிறார்கள். தலைநகரத்தானுக்கே இந்தக் கதி என்றால், தாய்நாடு விட்டு வந்தவன் கதியைக் கேட்கவா வேண்டும்!

முதலில் போனவன் கதை.

பெரும்பாலான நாடுகளிலே வருமான வரிக்கு ஒரே கேள்விதான். “நீ எங்கே வாழ்கிறாய்?” நம் நாட்டுச் சட்டமும் அதைத்தான் கேட்கிறது. ஆண்டிலே இத்தனை நாள் இங்கே இருந்தாயா, இல்லையா என்று எண்ணும். துபாயிலே கம்பி கட்டும் நம் தோழன், சிங்கப்பூர்த் துறையிலே பாரம் தூக்கும் நம் தோழன், அங்கே உழைத்துப் பெற்ற கூலிக்கு இங்கே வருமான வரி கட்ட வேண்டியதில்லை. 2020ஆம் ஆண்டு பட்ஜெட்டிலே ஒரு புது விதி வந்தபோது ஒரு கலக்கம் ஏற்பட்டது. வேறு எந்த நாட்டிலும் வரிக்கு உட்படாத இந்தியக் குடிமகனை இந்நாட்டில் வாழ்பவனாகவே கருதுவோம் என்றார்கள். வளைகுடாவிலே வருமான வரியே கிடையாதே, அப்படியானால் அங்கே வேகும் தொழிலாளி சிக்கிக்கொள்வானோ என்று கேரளத்திலிருந்து குரல் கிளம்பியது. இங்கேயும் வயிறு கலங்கியது. உழைத்துப் பெறும் வெளிநாட்டுச் சம்பளத்தின்மீது கை வைக்கமாட்டோம் என்று சர்க்கார் விளக்கம் தந்தது. இந்நாட்டு வருமானம் 15 லட்சம் ரூபாயைத் தாண்டுபவர்களுக்கே அந்த விதி என்று சட்டத்திலும் எல்லை போட்டார்கள். போகட்டும்.

அமெரிக்கா கேட்கும் கேள்வி வேறு. “நீ எங்கே வாழ்கிறாய்?” அன்று. “நீ யாருடைய குடிமகன்?” என்பதே அதன் கேள்வி. அமெரிக்கக் குடிமகன் எந்த ஊரிலே சோறு தின்றாலும், எந்த நாட்டு முதலாளியிடம் கூலி வாங்கினாலும், ஆண்டுதோறும் வாஷிங்டனுக்குக் கணக்குக் காட்ட வேண்டும். அங்கே பிறந்து, தவழும் பருவத்திலேயே வெளியேறி, அந்த மண்ணை மீண்டும் மிதிக்காதவனாக இருந்தாலும் விடுதலை இல்லை!

எப்போது முளைத்தது இந்த வழக்கம்? 1861இல் தொடங்கிய உள்நாட்டுப் போரிலே. வடக்கும் தெற்கும் மோதிக்கொண்டு இரத்தம் ஆறாக ஓடிய நேரம். போருக்குப் பணம் வேண்டும். அந்நாட்டின் முதல் வருமான வரி அப்போதுதான் பிறந்தது. நாடு நெருப்பிலே நிற்கும்போது கடல் கடந்து போய்ச் சுகமாக இருப்பவனையும் விடுவதா என்ற எண்ணத்திலே, வெளிநாட்டில் வாழும் குடிமக்களையும் வரி வளையத்துக்குள் இழுத்தார்கள். போர் முடிந்தது. 1872இல் அந்த வரியும் முடிந்தது. 1913இல் அரசியல் சட்டத்தைத் திருத்தி மீண்டும் வருமான வரி வந்தபோது, பழைய சங்கிலியும் கூடவே வந்தது. போர் போயிற்று, போர்க்காலக் கோபம் மட்டும் போகவில்லை.

மெக்சிகோ நகரத்திலே குடியிருந்த குக் என்ற அமெரிக்கர் எதிர்த்து வழக்காடினார். “என் வீடு மெக்சிகோவிலே, என் சொத்து மெக்சிகோவிலே, என் வருமானமும் மெக்சிகோவிலே. உனக்கேன் நான் வரி கட்ட வேண்டும்?” என்றார். நியாயமான கேள்விதானே! 1924இல் சுப்ரீம் கோர்ட்டு தீர்ப்பளித்தது. குடிமகன் எங்கிருந்தாலும் அவனுக்கும் அவன் சொத்துக்கும் சர்க்காரின் பாதுகாப்பு உண்டு. ஆகவே வரி கேட்கும் உரிமையும் சர்க்காருக்கு உண்டு என்றது. குக் தோற்றார். அந்தத் தீர்ப்புத்தான் இன்றும் வேலியாக நிற்கிறது.

வெளிநாட்டிலே வாழும் அமெரிக்கத் தொழிலாளி உள்ளபடியே இரண்டு இடத்திலும் வரி கட்டுகிறானா என்று கேட்பீர்கள். பெரும்பாலோர் கட்டுவதில்லை. அதையும் ஒளிக்காமல் சொல்ல வேண்டும். ஓராண்டுக் காலத்திலே 330 முழு நாட்கள் வெளிநாட்டிலே இருந்தால், உழைத்துப் பெறும் சம்பளத்திலே ஒரு தொகைக்கு வரி விலக்கு உண்டு. 2025ஆம் ஆண்டுச் சம்பளத்துக்கு அந்தத் தொகை 1,30,000 டாலர். அங்கே கட்டிய வரியை இங்கே கழித்துக்கொள்ளவும் 1918இலிருந்தே சட்டத்தில் வழி உண்டு. ஆனால் வரி இல்லை என்பதற்காகக் கணக்குக் காட்டாமல் இருக்க முடியாது. “நான் கட்ட வேண்டியது ஒன்றுமில்லை” என்று ஆண்டுதோறும் எழுதிக் கொடுத்தால்தான் விலக்கு. எழுதிக் கொடுக்கக் கணக்குப்பிள்ளை வேண்டும். கணக்குப்பிள்ளைக்குக் கூலி வேண்டும். பூஜ்யத்தைப் பூஜ்யம் என்று சொல்லவும் பணம்!

சின்னவர்கள் மட்டும் சிக்கவில்லை. லண்டன் மாநகர மேயராக இருந்தாரே போரிஸ் ஜான்சன், பின்னாளில் 2019இல் பிரிட்டனின் பிரதமராகவும் ஆனாரே, அவர் பிறந்தது 1964இல் நியூயார்க் நகரிலே. ஐந்து வயதிலேயே அமெரிக்காவை விட்டு வந்துவிட்டார். லண்டனிலே தாம் குடியிருந்த வீட்டை விற்றார். பிரிட்டிஷ் சட்டப்படி அந்த இலாபத்துக்கு வரி இல்லை. அமெரிக்கா விட்டதா? “எங்கள் பங்கு எங்கே?” என்று கேட்டது. 2014இல் வெகுண்டு பேசினார், கட்டமாட்டேன் என்றார். 2015இல் கட்டினார்! அதன்பின் அமெரிக்கக் குடியுரிமையையே துறந்தார். மூன்றாம் ஜார்ஜ் மன்னன் தேயிலைக்கு வரி கேட்டான். அந்த மன்னன் ஆண்ட தலைநகரத்து மேயரிடமே அமெரிக்கா வரி கேட்டது. வரலாறு சில வேளைகளில் நல்ல நகைச்சுவை நாடகம் எழுதுகிறது.

துறந்துவிட்டுப் போவதும் இலவசமல்ல. 2010க்கு முன்பு கட்டணமே கிடையாது. அந்த ஆண்டிலே 450 டாலர் என்றார்கள். 2014இல் 2,350 டாலர் ஆக்கினார்கள். பணம் படைத்தவன் துறந்தால் அவனுக்குத் தனியாக ஒரு வெளியேற்ற வரியும் 2008ஆம் ஆண்டுச் சட்டத்திலே இருக்கிறது. அதில் எனக்கு வருத்தமில்லை. கோடிகளைக் குவித்துவிட்டு, குவித்த இடத்துக்குக் காசு கொடுக்காமல் நழுவுபவனை நிறுத்திக் கேட்பது நேர்மைதான்.

அமெரிக்காவைப் போலக் குடியுரிமையைக் கொண்டு வெளிநாட்டு வருமானத்துக்கு வரி கேட்கும் இன்னொரு நாடு எரித்திரியா. ஆப்பிரிக்காவின் கொம்பு முனையிலே உள்ள ஏழை நாடு. வெளிநாட்டில் வாழும் தன் மக்களிடம் நூற்றுக்கு 2 கேட்கிறது. அந்தப் பணம் அண்டை நாடுகளைக் குலைக்கப் பயன்படுகிறது, மிரட்டி வசூலிக்கப்படுகிறது என்று 2011 டிசம்பரில் ஐ.நா. பாதுகாப்பு மன்றம் கண்டனத் தீர்மானம் போட்டது. தீர்மானத்துக்குக் கை தூக்கியவர்களில் அமெரிக்காவும் ஒன்று. மிரட்டலைக் கண்டித்தது சரி. ஆனால் கை தூக்கியபோது அந்தக் கைக்குச் சிறிது கூச்சமாவது இருந்திருக்க வேண்டாமா?

இனி, வந்தவனும் போனவனும் ஒரே ஆளாக இருந்த ஒருவரின் கதை. இதைக் கவனமாகக் கேளுங்கள். நம் வர்க்கத்திலிருந்து தொடங்குகிறது.

ருமேனிய நாட்டிலே பிறந்தவர் அலெக்சாண்ட்ரு பிட்னர். இளம் வயதில் அமெரிக்காவுக்குக் குடியேறினார். முதல் வேலை ஓட்டலிலே தட்டுக் கழுவுவது. அடுத்த வேலை தண்ணீர்க் குழாய் பொருத்துவது. குடியுரிமை பெற்றார். ருமேனியாவிலே பொதுவுடைமை ஆட்சி வீழ்ந்ததும் தாயகம் திரும்பி, வணிகத்திலே இறங்கி, வளர்ந்து, பணக்காரரானார். பாங்கிக் கணக்குகள் பல வைத்தார். அமெரிக்காவிலே 1970இல் பிறந்த ஒரு சட்டம் இருக்கிறது. வெளிநாட்டிலே உள்ள பாங்கிக் கணக்குகளின் மொத்த இருப்பு ஆண்டிலே ஒரு நாளாவது 10,000 டாலரைத் தாண்டினால், ஆண்டுக்கு ஒரு முறை அறிக்கை கொடுக்க வேண்டும். அது வரி அன்று, வெறும் தகவல். பிட்னருக்கு அது தெரியவில்லை. தெரிந்தபின் தாமே முன்வந்து கொடுத்தார்.

சர்க்கார் என்ன செய்தது? ஐந்தாண்டு, மொத்தம் 272 கணக்கு, கணக்குக்குப் பத்தாயிரம் என்று பெருக்கி, 27 லட்சத்து 20 ஆயிரம் டாலர் அபராதம் என்றது! வேண்டுமென்றே மறைத்தார் என்ற குற்றச்சாட்டுக்கூட இல்லை. அறியாமைக்கு அபராதம். வழக்கு சுப்ரீம் கோர்ட்டுவரை போயிற்று. 2023 பிப்ரவரியில் ஐந்து நீதிபதிகள் ஒரு பக்கம், நான்கு நீதிபதிகள் மறுபக்கம். அபராதம் கணக்கை எண்ணி அன்று, கொடுக்காத அறிக்கையை எண்ணித்தான் என்று தீர்ந்தது. ஐந்து அறிக்கை, 50,000 டாலர். ஒரே ஒரு நீதிபதியின் கை மாறிப் போயிருந்தால் 27 லட்சம்!

அவர் செல்வர், வக்கீல் வைத்தார், கடைசிப் படிவரை ஏறினார். தட்டுக் கழுவும் நிலையிலேயே நின்றுவிட்ட ஒருவன் என்ன செய்வான்?

இந்தச் சட்டங்கள் தேவையே இல்லை என்று சொல்பவனல்ல நான். சுவிட்சர்லாந்து பாங்கிகளின் இருட்டறையிலே அமெரிக்கச் சீமான்கள் கோடிகோடியாய்ப் பதுக்கினார்கள். யு.பி.எஸ். என்ற பெரும் பாங்கியே 2009இல் 78 கோடி டாலர் கட்டித் தப்பவேண்டி வந்தது. அதன்பின் 2010இல் வந்ததுதான் ‘பேட்கா’ சட்டம். உலகத்திலே உள்ள பாங்கிகளெல்லாம் தம்மிடம் கணக்கு வைத்திருக்கும் அமெரிக்கர் யார் என்று தெரிவிக்க வேண்டும்; இல்லையேல் அமெரிக்காவிலிருந்து வரும் பணத்திலே நூற்றுக்கு 30 பிடிப்போம் என்றது. இந்தியாவும் 2015 ஜூலையில் ஒப்பந்தத்தில் கையெழுத்திட்டது. நம் ஊர்ப் பாங்கியிலே கணக்குத் திறக்கும்போது, “நீர் வேறு நாட்டு வரிக்கு உட்பட்டவரா?” என்று ஒரு கட்டம் போட்டுக் கேட்கிறார்களே, அந்தக் கேள்வி வாஷிங்டனிலிருந்து புறப்பட்டு மாயவரம் வரை வந்த கேள்வி! சுறாவுக்கு வீசிய வலை. வீசியது சரி. ஆனால் வலையிலே சுறா மட்டுமா விழுகிறது? நெத்திலியும் விழுகிறது, நெத்திலிக்குத்தான் வலையை அறுக்கும் பல் இல்லை.

யார் அந்த நெத்திலி? கிரீன் கார்டு வாங்கிய நம்மவர். விசாவிலே போய் நாட்கணக்கிலே அந்நாட்டு வரிக்கு உட்பட்டுவிட்ட நம்மவர். அந்த நாட்கணக்கு ஒரு விசித்திரக் கணக்கு. இந்த ஆண்டு இருந்த நாட்கள் முழுவதும், சென்ற ஆண்டில் மூன்றில் ஒரு பங்கு, அதற்கு முந்திய ஆண்டில் ஆறில் ஒரு பங்கு, இவற்றைக் கூட்டி 183 வந்தால் பொதுவாக நீர் வரிக்கு ‘வாசி’. வாசியாகிவிட்டால் உலகத்தில் எங்கே காசு வந்தாலும் கணக்கில் காட்ட வேண்டும். ஊரிலே அப்பன் விட்டுப்போன வீட்டுக்கு வரும் வாடகையும் வருமானம். பாங்கியிலே போட்ட வைப்புத்தொகையின் வட்டியும் வருமானம். அம்மாவோடு சேர்த்துப் போட்ட கூட்டுக் கணக்கு இருக்கிறதே, அம்மாவுக்கு மருந்து வாங்க, அதுவும் அந்தப் பத்தாயிரம் டாலர்க் கூட்டலிலே சேரும். ஆகவே, அமெரிக்காவிலே மகனோ மகளோ இருக்கும் தோழர்களுக்குச் சொல்கிறேன்: இங்கே உள்ள கணக்குகளின் பட்டியலை மறைக்காமல் அவர்களுக்கு அனுப்பிவையுங்கள். கூச்சம் வேண்டாம். பின்னால் அபராதம் கட்டுவதைவிட முன்னால் ஒரு தாள் எழுதுவது மலிவு.

இவ்வளவும் கட்டிவிட்டு, எழுதிவிட்டு, நவம்பர் மாதத்தில் ஓட்டுச்சாவடிப் பக்கம் போனால்? மத்திய சர்க்காரின் தேர்தலிலே குடிமகனல்லாதவனுக்கு ஓட்டுக் கிடையாது. குடிமகனாகலாமே என்பீர்கள். முதலில் கிரீன் கார்டு வேண்டும். வேலையின் பேரால் தரும் அந்தக் கார்டிலே எந்த ஒரு நாட்டுக்கும் நூற்றுக்கு ஏழு என்று ஒரு வரம்பு. இந்தியரோ இலட்சக்கணக்கில் வரிசையிலே நிற்கிறார்கள். வரிசை நகர்வதற்குள் தலை நரைக்கிறது. வரி மட்டும் வரிசையில் நிற்பதில்லை. மாதா மாதம் முன்னே வந்து நிற்கிறது.

இவர்களுக்கும் கீழே இன்னொரு கூட்டம் இருக்கிறது. காகிதம் இல்லாதவர்கள். எல்லை தாண்டி வந்தவர்கள், விசாக் காலம் முடிந்தும் தங்கிவிட்டவர்கள். தக்காளி பறிப்பவன், கூரை வேய்பவன், ஓட்டல் அறையிலே படுக்கை விரிப்பவள். “இவர்கள் வந்து நம் சோற்றைத் தின்கிறார்கள்” என்று மேடைதோறும் முழங்குகிறார்கள் சிலர். சோறு தின்கிறார்களா, போடுகிறார்களா? வரி பற்றி ஆராயும் வாஷிங்டன் நிறுவனம் ஒன்று 2024இல் கணக்குப் போட்டது. காகிதமற்ற இம்மக்கள் 2022ஆம் ஓராண்டில் மத்திய, மாநில, உள்ளூர் சர்க்கார்களுக்குக் கட்டிய வரி 9,670 கோடி டாலர்! அதிலே 2,570 கோடி டாலர் ஓய்வூதிய நிதிக்குப் போயிற்று. அந்த ஓய்வூதியத்திலே அவர்களுக்கு ஒரு காசு உண்டா? கிடையாது.

இவர்களும் வரி கட்டட்டும் என்றே 1996இல் அமெரிக்க வரித்துறை ஒரு தனி எண் ஏற்பாடு செய்தது. “உன் காகிதத்தைப் பற்றிக் கேட்கமாட்டோம்; காசைக் கட்டு” என்பதுதான் அதன் பொருள். நம்பிக் கட்டினார்கள். 2020இல் கொரோனா கொள்ளைநோய் வந்தபோது, ஆளுக்கு 1,200 டாலர் உதவி என்று அறிவித்தார்களே, அந்தத் தனி எண்ணிலே வரி கட்டியவர்களுக்கு அது இல்லை என்றார்கள். அத்தகையவரை மணந்து சேர்ந்து கணக்குக் கொடுத்த குடிமகளுக்கும் இல்லை என்று கையை விரித்தார்கள்; ஆண்டு முடிவிலேதான் அந்த மனைவிமார், கணவன்மாருக்கு வழி பிறந்தது.

பிறகு 2025 ஏப்ரல். வரித்துறை தன்னிடமுள்ள முகவரிகளைக் குடியேற்றத் துறைக்குத் தரலாம் என்று இரண்டு துறைகளும் உடன்படிக்கை செய்துகொண்டன. வரித்துறையின் தற்காலிகத் தலைவராக இருந்தவர் பதவி விலகினார். நவம்பரில் ஒரு நீதிபதி தடை போட்டார், வழக்குகள் தொடர்ந்தன. வழக்கு எப்படியோ போகட்டும். கட்டாவிட்டால் குற்றவாளி, கட்டினால் முகவரி கொடுத்து மாட்டிக்கொண்டவன்! எந்தப் பக்கம் திரும்புவான் அந்த ஏழை?

இதைப் படிக்கையில் எனக்கு நேட்டால் நினைவு வந்தது. தென்னாப்பிரிக்காவின் கரும்புக் காட்டுக்கு ஒப்பந்தக் கூலிகளாய்ப் போனார்களே நம் மக்கள், சென்னைத் துறைமுகத்திலே கப்பலேறி! ஐந்தாண்டு ஒப்பந்தம், முதலாண்டுக் கூலி மாதம் 10 ஷில்லிங். ஒப்பந்தம் முடிந்தால் ஒன்று திரும்பிப் போ, அல்லது மறுபடி கூலியாகக் கைநாட்டு வை. இரண்டும் இல்லாமல் சுதந்திர மனிதனாக இங்கே வாழ ஆசைப்பட்டால் ஆண்டுக்கு 3 பவுன் வரி என்று 1895இல் சட்டம் போட்டான் வெள்ளைக்காரன். 3 பவுன் என்பது அந்த முதலாண்டுக் கூலியிலே ஆறு மாதக் கூலி! பின்னர் 16 வயதுப் பையனுக்கும் 13 வயதுப் பெண்ணுக்கும் அதே வரி. கருவூலத்தை நிரப்ப அல்ல, கருப்பு மனிதனை விரட்ட. 1913இல் சுரங்கத்திலும் கரும்புத் தோட்டத்திலும் ஆயிரமாயிரமாய் வேலையை நிறுத்திவிட்டு வெளியே வந்தார்கள் அந்தக் கூலிகள். சிறையிலே வாடி, விடுதலையாகி வந்து 1914 பிப்ரவரியில் உயிர்விட்ட தில்லையாடி வள்ளியம்மைக்கு வயது பதினாறு. அந்த ஆண்டிலேயே மூன்று பவுன் வரி ஒழிந்தது. அமெரிக்க வரியும் நேட்டால் வரியும் ஒன்று என்று சொல்லவில்லை. அது விரட்டுவதற்குப் போட்ட வரி. இது வருமானத்துக்குப் போடும் வரி. ஆனால் வந்தேறியின் கைக்காசு என்றால் சட்டத்துக்குத் தனி ஆசை பிறக்கிறதே, அந்த ஆசையின் முகச்சாடை ஒன்றாகத்தான் இருக்கிறது.

கைக்காசு என்றதும் இன்னொன்று. 2025 ஜூலை 4ஆம் நாள், அதாவது அவர்களுடைய விடுதலைத் திருநாளன்று, கையெழுத்தான பெருஞ்சட்டத்திலே, வெளிநாட்டுக்கு அனுப்பும் பணத்தின்மீதும் ஒரு வரி சேர்ந்தது. முதலிலே குடிமகனல்லாதவர் அனுப்பும் பணத்துக்கு நூற்றுக்கு 5 என்றார்கள். பிறகு மூன்றரை. கடைசியிலே எல்லாருக்கும் நூற்றுக்கு 1 என்று இறங்கி, 2026 ஜனவரியிலிருந்து நடப்புக்கு வந்தது. பாங்கிக் கணக்கிலிருந்து அனுப்பினால் அந்த வரி இல்லை. ரொக்கத்தைக் கையிலே கொண்டுபோய்க் கடையிலே எண்ணிக் கொடுத்து அனுப்பினால்தான் வரி. கணினிக் கம்பெனிக்காரன் பாங்கியிலிருந்து அனுப்புவான். ரொக்கம் எண்ணுபவன் யார்? சனிக்கிழமைக் கூலியைச் சனிக்கிழமையே வீட்டுக்கு அனுப்புபவன்! நூற்றுக்கு ஒன்றுதானே என்று ஏளனம் செய்யலாம். அந்த ஒரு டாலர் எவன் பையிலிருந்து போகிறது என்று பாருங்கள்.

இப்போது, நம் தோழருக்குச் சொன்ன விடை.

அமெரிக்க ஓய்வூதியம் பெற வேண்டுமானால் பொதுவாக 40 புள்ளி சேர்க்க வேண்டும். ஆண்டுக்கு அதிகபட்சம் 4 புள்ளி. ஆகக் குறைந்தது பத்தாண்டு உழைத்து, பத்தாண்டும் அந்த 6.2ஐக் கட்ட வேண்டும். அவர் மகன் போயிருப்பது எச்-1பி விசாவிலே. அதன் கால எல்லை வழக்கமாக ஆறாண்டு. கிரீன் கார்டுக்கு முதலாளி மனுப் போட்டு வரிசையில் நின்றால்தான் நீட்டிப்பு. மனுப் போடவில்லையென்றால் ஆறாம் ஆண்டு முடிவிலே மூட்டை கட்ட வேண்டும்.

பத்தாண்டு உழைத்தால் பென்ஷன். ஆறாண்டுக்கு மேல் இருக்கக்கூடாது. சட்டம் எழுதியவன் ஒருவன், விசா எழுதியவன் மற்றொருவன் போலும்! இடையிலே விழுந்த பணம் கருவூலத்துக்கு.

முப்பது நாடுகளோடு அமெரிக்கா ஓர் ஒப்பந்தம் வைத்திருக்கிறது. ஜெர்மானியன், ஜப்பானியன், பிரெஞ்சுக்காரன் அங்கே உழைத்த ஆண்டுகளையும் தன் நாட்டில் உழைத்த ஆண்டுகளையும் கூட்டிக்கொள்ளலாம். குறுகிய காலத்துக்கு அனுப்பப்பட்டவன் ஒரே நாட்டில் கட்டினால் போதும். இந்தியாவோடு அப்படி ஒப்பந்தம் இல்லை. பல ஆண்டுகளாக டில்லி கேட்டுக்கொண்டிருக்கிறது. வாஷிங்டன் தலையை ஆட்டவில்லை. டில்லியிலே நம் எம்.பி.க்கள் எழுந்து கேட்க வேண்டிய கேள்விகளில் இது ஒன்று. இது கோட்டு சூட்டுக்காரன் பிரச்சினை என்று நாம் ஒதுக்கக்கூடாது. கோட்டுக்குள்ளே இருப்பவன் பஸ் பட்டறைத் தொழிலாளி மகன். அவன் படிப்புக்கு அடகு வைத்த நகை இன்னும் முழுதாக மீளவில்லை.

இதையெல்லாம் சொன்னேன். தோழர் பேசாமல் கேட்டார். கோபப்படுவார் என்று நினைத்தேன்; படவில்லை. பட்டறையிலே பழகிய கை, கணக்குக் கேட்டது.

“பையன் போய் அஞ்சு வருஷம் முடிந்தது. அப்போ எத்தனை புள்ளி?”

“இருபது.”

“இன்னும் ஒரு வருஷம் இருப்பான்.”

“இருபத்து நாலு.”

“சேர்த்தது அழிஞ்சு போகுமா?”

“அழியாது. என்றைக்காவது திரும்பப் போய் வேலை பார்த்தால் அதற்கு மேலே கூட்டிக்கொள்ளலாம்.”

விரல்களை மடித்து எண்ணினார். பிறகு சீட்டைப் பழைய மடிப்பிலேயே நான்காக மடித்து, சட்டைப் பையிலே வைத்துக்கொண்டார்.

“பதினாறு குறையுது” என்றார்.